வேலிக்கு அப்பால்: மலேசியத் தமிழ்ப் புனைகதையில் அயலவர்

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் நோக்கிச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் செமோர். சுண்ணாம்புக் கற்குன்றுகளும், ஈயம் எடுத்து முடிந்தபின் நீர் தேங்கி நிற்கும் குட்டைகளும், ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு பரந்திருந்த பால்மரக் காடுகளும் அவ்வட்டாரத்தின் அடையாளங்கள். அங்கு மக்கள் குடியிருந்த முறையை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். மலாய்க்காரருள் பெரும்பாலோர் கம்பங்களில் வாழ்ந்தனர். சீனர் தானா ஈத்தாம், கந்தான் பாரு முதலிய புதுக்கிராமங்களில் வாழ்ந்தனர். தமிழர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தனர். மூவரும் சந்தித்த இடம் ஊர்க் கடைத்தெரு ஒன்றே. அங்கு அரிசியும் கருவாடும் வாங்கி, பேரம் பேசி, பொழுது சாய்வதற்குள் அவரவர் தத்தம் வேலிக்குள் திரும்பினர்.

வேலி என்னும் சொல் இங்கு வெறும் உவமையன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், செமோருக்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. 1960இல் அவசரகாலம் முடிவுற்றது, கம்பிகள் அகற்றப்பட்டன. எனினும் அவை வகுத்த குடியிருப்பு முறை மேலும் ஒரு தலைமுறைக் காலம் நிலைத்தது. மலேசியத் தமிழ்ப் புனைகதை முளைத்துத் தழைத்த காலமும் ஏறக்குறைய அதுவே. ஆதலின், அப்புனைகதையை ஆராய்வார் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் இக்கதைகளுக்குள் வந்தனரா? வந்தனராயின், எவ்வாறு வந்தனர்?

கரைதலும் கூடி வாழ்தலும்

குடியேறி வந்தோர் வந்த நாட்டில் எவ்வாறு வாழ்வது என்பது மலேசியாவுக்கு மட்டும் உரிய வினாவன்று. அதனை நெடுங்காலம் விவாதித்து வந்த நாடு அமெரிக்கா. 1908இல் வாஷிங்டன் நகரில் அரங்கேறிய இஸ்ரேல் சாங்வில்லின் நாடகம், பல இனத்தாரையும் உருக்கி ஒரே உலோகமாக வார்க்கும் கொப்பரையாக அந்நாட்டைக் கண்டது. நாடகத்தின் பெயரே பின்னர் ஒரு கொள்கையின் பெயராயிற்று. ஏழாண்டுகளுக்குப் பின், 1915இல், ஹோரஸ் காலன் என்னும் அறிஞர் அதனை மறுத்தார். பல கருவிகள் தத்தம் ஒலியை இழவாமலே ஓர் இசையில் இணைவதுபோல இனங்கள் இணைதல் வேண்டும் என்பது அவர் துணிபு. 1964இல் மில்டன் கார்டன் இவ்விவாதத்தைத் தெளிவுபடுத்தினார். மொழி, உடை, பழக்கவழக்கம் ஆகியவற்றில் ஒன்றுதல் ஒருவகை. நட்பு, மணவுறவு, சங்கம் முதலிய நெருங்கிய உறவுகளில் ஒன்றுதல் மற்றொருவகை. முன்னது விரைந்து நிகழ்ந்தும் பின்னது நிகழாதிருத்தல் கூடும் என்று அவர் காட்டினார்.

கார்டனின் இப்பாகுபாடு மலேசியத் தமிழரை ஆராய்வார்க்கும் பெரிதும் பயன்படத்தக்கது. ஆயினும் இரு நாடுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் கொப்பரைக்குள் இறங்க மறுத்தவரைக் குறித்தே பெரும் பூசல் எழுந்தது. மலாயாவிலோ குடியேற்ற அரசு கொப்பரை எதனையும் வைக்கவில்லை; தனித்தனித் தட்டுகளையே வைத்தது. பல இனத்தார் அருகருகே வாழ்ந்தும் சந்தையில் மட்டுமே கூடும் இத்தகைய அமைப்பினை ஜே. எஸ். பர்னிவல் 'பன்மைச் சமுதாயம்' என வகைப்படுத்தினார். 1957இல் நாடு விடுதலை பெற்ற பின்னரே, இத்தட்டுகளை என்செய்வது என்னும் வினா எழுந்தது. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு அதற்கு ஒரு விடை தந்தது. இவ்வட்டாரத்துப் பூர்விகப் பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடிப்படை. ஏனைய பண்பாடுகளின் ஏற்புடைய கூறுகள் அதிற் சேரலாம். இஸ்லாம் அதன் இன்றியமையாத கூறு. இம்மூன்று நெறிகளும் தமிழ் எழுத்தாளர் உள்ளத்தில் அச்சத்தை விளைவித்தமை வியப்பன்று. கரைந்துவிடுவோமோ என்னும் அவ்வச்சம் பல கதைகளுக்கு அடித்தளமாயிற்று.

முன்னோர் கண்ட இரு வழிகள்

அவ்வச்சம் ஆராயாமல் எழுந்ததன்று. தமிழர் இம்மண்ணில் கரைந்தமைக்கும் கரையாதிருந்தமைக்கும் பழஞ்சான்றுகள் உள. மலாக்கா சுல்தானியர் காலத்து வணிகரின் வழிவந்தோராகிய மலாக்காச் செட்டிகள், மலாய் மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டனர். உடையிலும் உணவிலும் மலாய் மரபைத் தழுவினர். எனினும் சைவத்தை விடவில்லை. 1781இல் அவர்கள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் நிலைத்துள்ளது. மொழி போயிற்று, சமயம் நின்றது. தமிழ் முஸ்லிம்களுள் ஒரு சாராரின் வரலாறு வேறு. பொதுச்சமயம் மணவுறவுக்கு வழிவிட, பினாங்கு முதலிய ஊர்களில் சில தலைமுறைகளுக்குள் அவர்கள் மலாய்ச் சமுதாயத்தோடு ஒன்றினர். மலாய் உரைநடைக்குப் புதுவழி வகுத்த முன்ஷி அப்துல்லாவின் முன்னோருள் தமிழரும் இருந்தனர் என்பதும், அவர் இளமையில் தமிழ் கற்றவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

தோட்டத்துத் தமிழரின் நிலை இவ்விரண்டினும் வேறானது. அவர்கள் வணிகராக வந்து துறைமுகத்திற் கலந்தவரல்லர். கங்காணி முறையில் ஊர் ஊராக, உறவு உறவாகத் திரட்டப்பட்டு, கோயிலும் கள்ளுக்கடையும் தமிழ்ப்பள்ளியும் சேர்ந்த மூடிய உலகத்தில் இறக்கப்பட்டவர்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை, போக்கும் வரவும் ஓயவில்லை. வந்தோர் பலர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்களே. திரும்பும் எண்ணமுடையார்க்கு அயலவரை அறிய வேண்டிய கட்டாயம் குறைவு. அந்த எண்ணம் பொய்த்த பின்னரும் அதன் பழக்கம் நீங்கவில்லை.

தோட்டத்தை எழுதிய எழுத்து

இப்பின்னணியில் வைத்தே தோட்டப்புற நாவல்களை மதிப்பிடல் வேண்டும். 1950-51இல் தமிழ் நேசன் இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, உள்ளூர் வாழ்க்கையை எழுதுமாறு இளைஞரைத் தூண்டியது. அதன் பின்வந்த ஈராண்டுப் பத்துகளில் தோட்டமே மலேசியத் தமிழ்க் கதையின் தலைமைக் களமாயிற்று. எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்', கா. பெருமாளின் 'துயரப் பாதை' முதலியவை அத்தோட்ட வாழ்வின் உழைப்பையும் இழிவையும் இலக்கியத்திற் பதித்தன. பிரட்டுக்களத்தின் இருளும், மங்கில் சொட்டும் பாலும், கிராணியின் அதட்டலும், ஆயாக்கொட்டகைக் குழந்தையின் அழுகையும் அச்சேறிய பின்னரே, தாம் வாழ்ந்தது ஒரு வாழ்வு என்னும் மதிப்பு அம்மக்களுக்குக் கிட்டிற்று எனலாம். தமிழகத்திலிருந்து வந்து பார்த்துச் சென்ற அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அதில் இரக்கம் உண்டு. ஆயின் அது விருந்தினரின் இரக்கம். சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' (2006) அவ்விரக்கத்தைக் கடந்து, தோட்டத்து மக்களின் பேச்சுமொழியையே கதையின் உடலாக ஆக்கிற்று. கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' (2013), குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற தமிழர் பகாங் காட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கொத்தடிமைகளாக்கப்பட்ட கொடுமையை எழுதிற்று. இவற்றின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது.

எனினும் இக்கதைகளின் பெரும்பகுதியை ஒருசேர வைத்து நோக்கின் ஒரு வெறுமை புலப்படும். சீனர் வருகின்றனர், ஆனால் தவுக்கேயாக, அடகுக்கடைக்காரராக, சம்சு விற்பவராக வருகின்றனர். மலாய்க்காரர் வருகின்றனர், ஆனால் காவலராக, அரசு அலுவலராக, வழியில் உதவிவிட்டுப் போகும் நல்லவராக வருகின்றனர். அவர்களுக்குத் தொழில் உண்டு, வீடு இல்லை. பேச்சு உண்டு, நினைவு இல்லை. தோட்டத்துத் தமிழர் துயரத்தை உணர்த்தும் அளவுக்கே அவர்கள் கதைக்குள் அழைக்கப்படுகின்றனர். துயரம் முடிந்ததும் வெளியேற்றப்படுகின்றனர்.

இதற்கு எழுத்தாளரின் உள்ளச் சுருக்கமே காரணம் எனக் கூறுதல் நேர்மையாகாது. முதற்காரணம் மேற்கூறிய குடியிருப்பு முறை. காணாத வீட்டை எழுதுதல் அரிது. இரண்டாவது காரணம் அவசரத் தேவை. 1950களின் பிற்பகுதி முதல் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969இல் வேலை உரிமப் பத்திரச் சட்டம் நடைமுறைக்கு வர, பல்லாயிரவர் பிறந்து வளர்ந்த நாட்டை விட்டுக் கப்பலேறினர். சுங்கை சிப்புட்டிற் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்ததும் இத்துயரத்தை எதிர்நோக்கியே. வீடு எரியும்போது அடுத்த வீட்டுத் திண்ணையைப் பற்றி எழுத எவருக்கும் மனம் வாராது. எனவே, அக்காலத்துப் படைப்புகள் தம் மக்களை மட்டுமே எழுதியது குற்றமன்று, கடமையே. வினா அதற்குப் பிற்பட்டது. வீடு எரிந்து முடிந்து, மக்கள் தோட்டத்தை விட்டு வெளியேறி அரை நூற்றாண்டு ஆகும் நிலையிலும், அதே எல்லைக்குள் கதை நிற்பது ஏன்?

அயலவர் எழுதிய தமிழர்

இவ்வினாவின் கடுமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மைக்காலத்தில் நேர்ந்தது. மலாய் இலக்கியத்தின் தேசிய இலக்கியவாணராகிய அப்துல்லா உசேன், விடுதலையின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிய போட்டிக்காக எழுதி, 1971இல் வெளியிட்ட நாவல் 'இன்டர்லோக்'. ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனக் குடும்பம், ஓர் இந்தியக் குடும்பம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சித்திரித்து, ஈற்றில் ஒன்றோடொன்று பிணைக்கும் அமைப்பினை உடையது அது. 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பாடநூலாக்கப்பட்டபோது, இந்தியர் வருகையைக் கூறும் பகுதியில் சாதியைக் குறித்து வந்த ஒரு சொல்லும் அதனைச் சார்ந்த பொதுமைப்படுத்தலும் இந்தியச் சமுதாயத்தைக் கொதித்தெழச் செய்தன. தென்னிந்தியாவின் வெவ்வேறு மொழியாரையும் வழக்கங்களையும் வேறுபாடின்றிக் குழப்பியிருந்ததும் சுட்டிக்காட்டப்பட்டது. நெடிய எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டு இறுதியில் அந்நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

எதிர்ப்பு நியாயமானதே. பதினேழு வயது மாணவன், தன் முன்னோரைப் பற்றிய பிழையான சித்திரத்தைப் பிற இனத்து மாணவர் நடுவே அமர்ந்து படித்து, அதற்குத் தேர்விலும் விடை எழுத வேண்டும் எனில், அது இலக்கியக் கல்வியாகாது. ஆயினும் திறனாய்வாளன் அத்துடன் நின்றுவிடலாகாது. அப்துல்லா உசேன் தமிழர் வீட்டுக்குள் நுழைய முயன்றார். போதிய அறிவின்றி நுழைந்ததால் தவறினார். மலேசியத் தமிழ் நாவல் ஒன்றேனும், அதே அளவு விரிவோடு, ஒரு மலாய்க் குடும்பத்தின் அடுப்படியை, ஒரு சீனக் குடும்பத்தின் மூதாதையர் வழிபாட்டை உள்ளிருந்து எழுத முயன்று தவறியதுண்டா? தவறுவதற்கும் ஒரு முயற்சி வேண்டுமன்றோ? அவர்கள் தமிழரை அறியவில்லை என்னும் குறை உண்மை. தமிழ் எழுத்து அவர்களை அறிய முனையவில்லை என்பதும் உண்மை. முதலாவது உண்மையை மேடைகள் முழங்கின. இரண்டாவது உண்மை அந்த ஓராண்டு ஆரவாரத்தில் செவிக்கு எட்டவில்லை.

ஆங்கிலத்தில் ஒரு தமிழ் வீடு

இக்குறையை வேறொரு திசையிலிருந்து விளக்குவது கே. எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' என்னும் நாவல். கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த மணியம், தம் இளமைக்கால உலகத்தையே அதில் பெரிதும் பயன்படுத்தினார். கதை மூன்று தலைமுறைகளைத் தழுவியது. பாட்டி பெரியதாயி கடல் கடந்து வந்து, பாத்திரம் ஒக்கிட்டும் சிறுபொருள் விற்றும் ஒரு வீட்டை நிலைநிறுத்துகிறாள். நிலமோ அவளுக்கு உரிமையாகவில்லை. மகன் நைனா அவ்வுரிமைக்காகவே ஏங்கி, ஆற்றோரத்தில் புறம்போக்கு நிலத்தைத் திருத்திக் குடில் எழுப்புகிறான். பேரன் ரவி ஆங்கிலப் பள்ளி காட்டிய வழியிலே சென்று, வீட்டினின்றும் தன்னினத்தினின்றும் விலகுகிறான். மேற்குறித்த கார்டனின் பாகுபாட்டுக்கு ரவி நல்ல சான்று. மொழியில் அவன் முற்றும் ஒன்றினான். உறவில் எங்கும் ஒன்றவில்லை.

ஆனால் அந்நாவலின் உச்சம் ரவியன்று, நைனாவே. மனம் பேதலித்த நிலையில் அவன் மண்ணை நோக்கி வழிபடும்போது, தமிழும் மலாயும் சீனமும் கலந்த ஒரு மொழி அவன் வாயினின்றும் வெளிப்படுகிறது. நிலத்தை விட்டு வெளியேறுமாறு ஆணை வந்தபின் அவன் தன் குடிலோடு எரிந்துபோகிறான். குடியேறிய ஒருவன் இம்மண்ணோடு பேச விழைந்தால் அவனுக்கு ஒரு மொழி போதாது என்னும் உண்மையை, இத்துணை வலியோடு கூறிய தமிழ் நாவல் எதனையும் எளிதில் எடுத்துக்காட்டல் இயலாது. மணியத்தின் படைப்பிலும் குறை உண்டு. பேரனின் ஆங்கிலத்தில் கூறப்படுவதால், பெரியதாயியின் சொல் வாசகர் செவிக்கு நேரே எட்டவில்லை. அவளது தமிழ் மொழிபெயர்ப்பின் நிழலாகவே நிற்கிறது. ஆகவே, ஆங்கிலம் வல்லவர் அயலவரை எழுதினர். தமிழ் வல்லவர் பெரியதாயியை எழுதினர். இரண்டையும் ஒரு கையில் ஏந்திய எழுத்தே இன்னும் வேண்டப்படுவது.

எழுதப்படாத மகள்

அத்தகைய எழுத்துக்குக் கருப்பொருள் இல்லை என்று கூறுவார் உளராயின், அவர்கள் தோட்டத்தையே மறந்தவராவர். வேலி இருந்தும் வேலியைக் கடந்த வாழ்வு இருந்தது. முதற்சான்று மொழி. ரப்பர் மரத்தைக் 'கித்தா' என்பதும், சிற்றூரைக் 'கம்பம்' என்பதும், பிரம்பை 'ரோத்தான்' என்பதும், முதலாளியைத் 'தவுக்கே' என்பதும் தோட்டத்துத் தமிழில் இயல்பாயின. மறுதலையாக, கடை, கப்பல், முதல், கட்டில், கோயில், சுருட்டு ஆகிய தமிழ்ச் சொற்கள் மலாய் மொழிக்குள் சென்று அம்மொழியாரின் அன்றாட வழக்காகப் பலகாலம் ஆயிற்று. ஈப்போவின் புந்தோங் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் சுட்டு விற்கும் முறுக்கும் பொரித்த பயறும் மலாய்ப் பெயராகிய 'கச்சான் பூத்தே' என்றே நாடெங்கும் அறியப்படுகின்றன. கல்லுமலைத் தைப்பூசத்தில் சீன அடியார் காவடி எடுப்பது புதுமையாகக் கருதப்படுவதில்லை.

இவை எல்லாவற்றினும் ஆழமான சான்று வேறு. பெண் மகவைச் சுமையெனக் கருதிய வறிய சீனக் குடும்பங்கள், சப்பானியர் ஆட்சிக் காலத்திலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும், தம் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களிடம் ஒப்படைத்தது இந்நாட்டில் பரவலாக அறியப்பட்ட செய்தி. அக்குழந்தைகள் தமிழ்ப் பெயர் பெற்று, தமிழ்ப் பள்ளியிற் பயின்று, மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் ஏந்தி, சேலையுடுத்துத் தமிழரையே மணந்து, தமிழில் தாலாட்டுப் பாடி முதுமை எய்தினர். முகம் ஒரு வரலாற்றைக் கூறிற்று. நாக்கு மற்றொன்றைக் கூறிற்று.

தமிழர் கரைவரோ என்று அஞ்சிய இலக்கியம், தமிழிற் கரைந்து தமிழராகிய இப்பெண்களைத் தன் நடுவில் நிறுத்தியது மிக அரிது. துணைப்பாத்திரமாக வந்து மறைவதன்றி, அவள் உள்ளம் கதையாகவில்லை. சந்தையில் தன்னையொத்த முகமுடைய ஒருத்தி சீனத்தில் பேச, புரியாது நிற்கும்போது அவள் என்ன எண்ணியிருப்பாள்? பெற்ற தாய் வேலிக்கு அப்பாலுள்ள புதுக்கிராமத்திலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம் என்னும் எண்ணம் அவளை எவ்வாறு வருத்தியிருக்கும்? அவளை வளர்த்த தமிழ்த் தாய், தான் பெற்ற மக்களுக்கும் அவளுக்கும் இடையே வேற்றுமை காட்டாதிருக்க எத்தனை முறை தன்னைத் தானே அடக்கியிருப்பாள்? ஒன்றுதல் என்னும் பெருஞ்சொல், கொள்கையாளர் கையில் கொப்பரையாகவும் இசைக்குழுவாகவும் உருமாறிற்று. லயத்தில் அது ஒரு குழந்தைக்குச் சோறூட்டும் கையாக இருந்தது. அக்கையை எழுதுவதற்கு வேற்றுமொழிப் புலமை வேண்டா, தமிழே போதும்.

மூவினக் கதையின் பொய்மை

இங்கு ஓர் ஐயத்தைத் தெளிவித்தல் வேண்டும். அயலவரை எழுதுக என்பது, தேசிய நாளுக்கென எழுதப்படும் 'மூவினக் கதை'களைப் பெருக்குக என்பதன்று. ஒரு தமிழ்ச் சிறுவன், ஒரு மலாய்ச் சிறுவன், ஒரு சீனச் சிறுவன், மூவரும் நண்பர், ஒருவனுக்கு இடர் வர மற்றிருவர் உதவுவர், ஈற்றில் ஒற்றுமை வெல்லும். இவ்வகைக் கதையில் மூவருக்கும் உள்ள வேறுபாடு பெயரில் மட்டுமே இருக்கும். அவர்களிடையே பொறாமையில்லை, அச்சமில்லை, புரியாமையில்லை. ஆதலின் நட்பும் இல்லை. தோட்டத்துக் கதையில் அயலவர் நிழலாயினர் எனில், மூவினக் கதையில் தமிழரும் சேர்ந்து நிழலாகின்றனர்.

மற்றோர் ஐயமும் எழலாம். அயலவரை நெருங்கி எழுதுவது தன்னினத்தின் உறுதியைத் தளர்த்தாதா? மலாய்க்காரரோடு மணவுறவு சமயமாற்றத்தை வேண்டுகின்ற நாட்டில், நெருக்கம் என்பதே இழப்பின் வாயிலாகாதா? இவ்வச்சத்தை ஏளனம் செய்தல் தகாது. ஒரு மகள் மதம் மாறி மணந்தபின் தமிழ்ப் பெற்றோர் அடையும் மனக்கலக்கம் மெய்யானது. ஆனால் அக்கலக்கத்தை எழுதுவதற்கே மறுகரையிலுள்ள வீட்டையும் எழுதல் இன்றியமையாதது. மருமகளை ஏற்ற மலாய்த் தாய்க்கும் ஓர் அச்சமும் ஓர் அன்பும் இருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளாத கதை, பெற்றோரின் துயரையும் முழுதாக உணர்த்தாது, பழிகூறலாகச் சுருங்கிவிடும். அயலவரை எழுதுவதால் தமிழ் கரையாது. அயலவரையும் தமிழில் எழுத இயலும் என்று காட்டும்போதே, தமிழ் இம்மண்ணின் மொழிகளுள் ஒன்று என்னும் உரிமை மெய்ப்பிக்கப்படுகிறது. மண்ணின் மொழி என்பது அம்மண்ணில் வாழும் அனைவரையும் கூற வல்ல மொழியன்றோ?

வேலியின் மறுபக்கம்

இன்று செமோர் வட்டாரத்தின் தோற்றம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. பலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயத்திற் பிறந்தவரின் பிள்ளைகள் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். ஒரு சுவருக்கு அப்பால் சீனக் குடும்பம் இருக்கலாம். எதிரே மலாய்க் குடும்பம் இருக்கலாம். அவசரகாலம் இட்ட கம்பிவேலி இன்று இல்லை. அயலவரைக் காணவியலாமையே அவர்களை எழுதாமைக்குக் காரணம் என்னும் பழைய சமாதானம் இனிச் செல்லாது.

இம்மாற்றத்தோடு மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. தமிழர் விட்டுச்சென்ற தோட்டங்களிலும் புதிய தொழிற்சாலைகளிலும் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கின்றனர். கடன்பட்டு வந்து, கடவுச்சீட்டு பிறர் கையிலிருக்க, நெருக்கமான கொட்டகைகளில் உறங்கி, ஊருக்குப் பணம் அனுப்பும் அவர்களது வாழ்வு, கங்காணி காலத்துத் தமிழரின் வாழ்வை ஒவ்வொரு கூறிலும் நினைவூட்டுகிறது. அவர்களைக் குறித்துத் தமிழர் வீடுகளிலும் இழிசொற்கள் வழங்குகின்றன. ஒரு காலத்தில் தம்மைக் குறித்து வழங்கிய சொற்களின் சாயல் அவற்றில் இருப்பதைப் பலர் உணர்வதில்லை. நேற்று வேலிக்கு உள்ளிருந்தவர் இன்று வேலிக்கு வெளியே நின்று உள்ளே நோக்குகின்றனர்.

மலேசியத் தமிழ்ப் புனைகதைக்கு முன் நிற்கும் சோதனை இதுவே. நூறாண்டுத் துயரத்தை எழுதிய எழுத்து, அத்துயரம் மற்றொருவர் தோளில் ஏறும்போது அதனை அடையாளம் காணுமா? காணுமாயின், தோட்டத்து நாவல்கள் வெறும் இனக்கணக்காக நில்லாமல் மனித வரலாறாக உயரும். பெரியதாயியின் ஏக்கமும், சேலையுடுத்த சீன மகளின் மௌனமும், கொட்டகையில் கடிதம் எழுதும் வங்காளதேசத்து இளைஞனின் தனிமையும் ஒரே நூலகத்தில் அடுத்தடுத்து வைக்கத்தக்கனவாகும். காணாதாயின், அவ்வெழுத்து தன் மக்களின் துயரத்தைப் பதித்ததாகுமேயன்றி, அதிலிருந்து எதனையும் கற்றதாகாது.